உழைச்செல்வான்: நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு காலத்தில் அப்பாவின் பட்டுத்தறி இருந்த இடத்தில், மாதம் ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் வீட்டில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், அல்லது பார்த்துக்கொண்டிருந்து இழந்தவர்கள். ஒரு கதையோ பாட்டோ வாசிப்போம், அப்புறம் பேசுவோம். என் அம்மா பக்கவாதத்தில் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அவர் போன பிறகு தொடங்கியது இது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்களை எழுதி வைக்கிறேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், விடிந்ததும் டியூப் வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். இதற்கு நடுவில் கதை படிக்கச் சொல்கிறீர்களா?

படித்தே ஆகவேண்டும் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் கிடைத்தால் முதலில் தூங்குங்கள். அம்மா படுத்த முதல் ஆறு மாதம் நானும் ஒரு வரி படிக்கவில்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கம்தான் என் வாசிப்பு.

ஒரு நாள் காலை தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது கீழே அச்சாகியிருந்த குறள் கண்ணில் பட்டது. ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள், எண் 950.

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு இரண்டு குறள் தள்ளி இருக்கும் இது எனக்கு நினைவிலேயே இல்லை. நோயுற்றவர், அதைத் தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கு கூறு சேர்ந்ததுதான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். உழை என்றால் பக்கம். பக்கத்தில் நின்று மருந்தை எடுத்துக் கொடுக்கிறவர் உழைச்செல்வான். அதாவது நான். கையில் கிழித்த தாளோடு அப்படியே நின்றேன். மருத்துவமனைக் காகிதங்களில் எனக்கென்று இருந்த ஒரே இடம், சம்மதப் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு ‘உறவுமுறை: மகன்’ என்று எழுதும் கோடு மட்டும்தான். இங்கே என்னை டாக்டருக்கும் மருந்துக்கும் சமமான வரிசையில் வைத்து ஒருவர் எழுதியிருக்கிறார். அன்று அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றும்போது கை கொஞ்சம் பொறுமையாக இருந்தது. இலக்கியம் எனக்குச் செய்தது அன்றைக்கு அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

டாக்டர் “எப்படி வலிக்குது?” என்று கேட்டால் “ரொம்ப வலிக்குது” என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பாட்டும் கதையும் இதற்கு உதவுமா?

மற்ற எதைவிடவும் இதற்குத்தான் உதவும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1926-இல் நோயைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு குறை சொல்கிறார்: காதலைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ கவிகள் இருக்கிறார்கள், தலைவலியை டாக்டரிடம் சொல்லப்போனால் மொழி வற்றிவிடுகிறது. நமக்கு அந்தப் பஞ்சம் இல்லை. குத்துது, குடையுது, கடுக்குது, பிசையுது, முறுக்குது, காந்துது, சுண்டி இழுக்குது, விண்விண்ணென்று தெறிக்குது, மதமதன்னு கிடக்குது. நம் பாட்டிகள் ஒவ்வொன்றையும் வேறு வேறு வலிக்குத்தான் சொன்னார்கள். குடைவது வேறு, பிசைவது வேறு.

7-ஆம் நூற்றாண்டில் அப்பருக்குச் சூலை நோய் வந்தது. திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகத்தில், ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று தொடங்கும் பாட்டில், ‘குடரோடு துடக்கி முடக்கியிட, ஆற்றேன் அடியேன்’ என்கிறார். வயிற்றுக்குள் குடலோடு சேர்த்துக் கட்டி, ஆளையே முடக்கிப்போடும் வலி. எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது, சிறுநீரகக் கல்லோடு இரண்டு முறை ஜி.எச்-க்கு ஓடிய ஒருவர் சட்டென்று நிமிர்ந்து, “இதேதான்” என்றார். ஓதுவார் பாடக் கேட்டிருக்கிறார், தேவாரம் என்று கை கூப்பியிருக்கிறார். அது தன் வலி என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மருத்துவமும் இந்த இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. 1975-இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் இருப்பவை சொற்கள்தான்: 78 சொற்கள், 20 தொகுதிகளாக. நோயாளி தன் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சொல் என்பது நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த நேரத்தில் என்ன வலி என்று நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். ‘காலை 4 மணி, இடுப்பு, குடையுது.’ டாக்டரிடம் அதை நீட்டுங்கள்.

அப்பர் கதையில் இன்னொருவர் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயோடு அவர் போய்ச் சேர்ந்தது அக்கா திலகவதியாரிடம். பெற்றோர் இறந்து, மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்தபோது, தானும் உயிரை விட நினைத்தவர் திலகவதியார். தம்பிக்காக நின்றுவிட்டார். ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்று அந்த மனத்தைப் பெரிய புராணத்தில் சேக்கிழார் எழுதுகிறார். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி நின்றுவிட்டவர்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள், திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். இந்த மூன்று சொல்லை நான் வாசிக்கும்போது யாராவது ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவார்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவருக்குப் பாட்டு உதவும் என்கிறார்களே, உண்மையா?

சிலருக்கு உதவும். என் வீட்டிலேயே பார்த்தேன்.

அம்மாவுக்கு வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. ஒரு மருத்துவமனையில், அவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் தலைக்கு மேலே என்னிடம், “இனி பேச்சு வராது, எதிர்பார்க்காதீங்க” என்றார்கள். அம்மாவின் இடக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவருக்கு எல்லாம் கேட்கிறது, புரிகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆடியில் தெருவில் ஒலிபெருக்கி கட்டி மாரியம்மன் பாட்டுப் போட்டிருந்தார்கள். படுக்கையிலிருந்து ஒரு குரல். ஒரு வரியை, சொல் பிசகாமல், ராகத்தோடு அம்மா பாடினார். ‘தண்ணி’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாதவர்! ஆத்தா செயல் என்று பக்கத்து வீட்டு அக்கா அழுதார். பிறகு பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து விளக்கினார்: பெரும்பாலானோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது, பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும். இதை வைத்தே 1973-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். தேவையான சொல்லை ராகம் போட்டு இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்லவைப்பது. எல்லோருக்கும் பலிக்காது. பயிற்சி தெரிந்தவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கடைசிவரை பத்துச் சொற்கள்தான் திரும்பின. “தண்ணீ…” என்று தாலாட்டு போல இழுத்துக் கேட்பார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மை போட்ட வீட்டில் மாரியம்மன் தாலாட்டுப் பாடுவது மூடநம்பிக்கைதானே?

பாட்டு பெரியம்மையைக் குணப்படுத்தவில்லை. தடுப்பூசிதான் ஒழித்தது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை வந்தது 1975-இல். உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. இன்று சின்னம்மை வந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும், அதிலும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் தாமதிக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் பாட்டு என்ன செய்தது என்று பாருங்கள். மற்ற ஊர்களில் கொள்ளைநோய் வந்தவனைப் பாவி என்றார்கள், ஊருக்கு வெளியே தள்ளினார்கள். இங்கே உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்த பிள்ளையை, “அம்மா வந்திருக்கா” என்றார்கள். கொப்புளத்துக்கு ‘முத்து’ என்று பெயர் வைத்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். அரிப்புக்கு நகம் படாமல் வேப்பிலையால் வருடுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், சத்தமாகப் பேச மாட்டார்கள். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து தாலாட்டுப் பாடிக்கொண்டே இருப்பாள். சீக்காளியை அருவருக்காமல் தொட ஒரு வழியை அந்தப் பாட்டு கொடுத்தது. கோட்டை மாரியம்மன் திருவிழாவையும் குகை வண்டி வேடிக்கையையும் பார்க்கும் இளையவர்களுக்கு, இவ்வளவு ஆட்டபாட்டத்துக்கு அடியில் எத்தனை வீடுகளின் பயம் இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

சங்கப் பாட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் காட்சி உண்டா?

உண்டு, புறநானூறு 281. அரிசில்கிழார் பாடியது. நம் பக்கத்துத் தகடூர், அதாவது தருமபுரி, வீழ்ந்ததைப் பதிற்றுப்பத்தில் பாடியவரும் இவர்தான். போரில் புண்பட்டு ஒருவன் வீட்டில் கிடக்கிறான். மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள்: வீட்டில் வேப்பிலை செருகுவோம், யாழ் வாசிப்போம், சத்தமில்லாமல் கையை எடுத்து மை இடுவோம், வெண்கடுகு தூவுவோம், குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், நறும்புகை போடுவோம். ‘காக்கம் வம்மோ காதலந் தோழீ.’ வா, காப்போம் என்று இன்னொருத்தியைத் துணைக்கு அழைக்கிறாள். போரைப் பாடும் நூலில் ஒரு முழுப் பாட்டும் நோயாளி இருக்கும் அறைக்குள்ளேயே நடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டாகச் செருகிய அதே வேப்பிலைதான் அம்மாவின் தலைமாட்டிலும் இருந்தது.

தவறான நோயறிதலுக்கு நற்றிணை 34. மலைநாட்டில், நம் சேர்வராயன் மலை போன்ற குறிஞ்சி நிலத்தில், ஒரு பெண் மெலிந்துபோகிறாள். முருகன் பிடித்திருக்கிறான் என்று தாய், வேலன் என்ற பூசாரியை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள். காரணம் காதல் என்று தோழிக்குத் தெரியும். அவள் முருகனிடமே சொல்கிறாள்: ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.’ நீ கடவுளாகவே இருந்தாலும் இரு, அறியாதவன்தான், நல்லா இரு. நோயாளியின் கதையைக் கேட்காமல் சிகிச்சை தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான வரி எனக்குத் தெரியாது.

சில நாள் அப்பா மேல் கோபம் வருகிறது. ‘சீக்கிரம் முடிஞ்சா நல்லாருக்கும்’ என்றுகூடத் தோன்றிவிடுகிறது. நான் கெட்டவளா?

இல்லை. இதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கள் இல்லை.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ படியுங்கள். துணிக்கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, சொந்தபந்தம் எல்லாம் ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்க, பட்டணத்தில் தனியாளாக நோயாளி மனைவியைப் பார்த்துக்கொள்கிறார். மனைவியின் மூச்சு அடங்குவதில்தான் கதை தொடங்குகிறது. அவர் கதறவில்லை. அதற்காகக் கதை அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. களைப்பும் அன்பும் ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தக் கதை. அதை எழுதியவரும் 1948-இல் காசநோயில்தான் இறந்தார்.

நான் ஒரு ராத்திரி அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். மூன்றாவது முறை துணி மாற்றிவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் நனைத்துவிட்டார். கத்திவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். இந்தக் கதையைப் படித்த பிறகுதான் அதை என் தங்கையிடம் சொல்ல முடிந்தது. அந்த எண்ணம் நாள்தோறும் வந்தாலோ, உங்களையே முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றினாலோ, கதையோடு நிற்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கேன்சர் என்று அவரிடம் சொல்லவில்லை. ‘அல்சர்தான்’ என்று எல்லோரும் நடிக்கிறோம். சரியா?

ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) தமிழிலும் கிடைக்கிறது. குடும்பம் உட்கார்ந்து பேசும் முன் அதை ஒருவராவது படித்துவிடுங்கள். சாகப்போகும் நீதிபதிக்கு வலியைவிடப் பெரிய வதை, எல்லோரும் அவரிடம் சொல்லும் பொய். ஆறுதலாக இருப்பவன் வேலைக்கார இளைஞன் கெராசிம் மட்டும். அவன் இராத்திரி முழுக்க அவர் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பொய் சொல்ல மாட்டான். அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே மெதுவாகக் கேட்கலாம். பல நேரம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

படிக்கவே பிடிக்காது. ஓவியம், சினிமா?

தாராளமாக. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் படம். புற்றுநோய்க்காரக் கணவன், மனைவி, அவளை முன்பு காதலித்த டாக்டர். ராமின் ‘பேரன்பு’ மூளை முடக்குவாதம் உள்ள மகளைத் தனியாக வளர்க்கும் அப்பாவின் படம். நம் வீட்டு ஆண்களை உட்காரவைத்துக் காட்ட வேண்டியது.

ஓவியத்தில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன், போனிலேயே கிடைக்கும். லூக் ஃபில்ட்ஸ் 1891-இல் வரைந்த ‘டாக்டர்’ உலகப் புகழ் பெற்றது. அவருடைய சொந்த மகன் 1877-இல் இறந்தபோது பார்த்த மருத்துவரின் நினைவு அதற்குப் பின்னால் இருக்கிறது. வெளிச்சம் குழந்தை மேலும் டாக்டர் மேலும் விழுகிறது. பெற்றோர் பின்னால் இருட்டில் நிற்கிறார்கள். எட்வர்ட் முன்க்கின் ‘நோயுற்ற குழந்தை’யில் டாக்டரே இல்லை. காசநோயில் இறந்த அக்கா சோஃபியின் நினைவாக அவர் அதை நாற்பது ஆண்டுகளில் ஆறு முறை வரைந்தார். படுக்கையில் சிறுமி, பக்கத்தில் ஒரு பெண் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகம் நமக்குத் தெரியாது. என் ஓட்டு முன்க்குக்குத்தான். அந்தக் கவிழ்ந்த தலையை நான் ஜி.எச். வராந்தாவில் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

மாரியம்மன் கோயில் வாசலில் விற்கும் தகடுகளையும் கலை என்றே சொல்வேன். கண் நோய்க்குக் கண், கால் வலிக்குக் கால். நோயைச் சொல்ல வாய் வராதவர்கள் உலோகத்தில் சொன்னது அது.

டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இதையெல்லாம் படிக்கிறார்களா?

கொஞ்சம் தொடங்கியிருக்கிறது. 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்களிலிருந்து நாடு முழுக்கப் பாடத்திட்டம் மாறியது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதில் பாடமாக இருக்கிறது. அதற்குள் ‘செல்லம்மா’ளும் புறம் 281-உம் வர வேண்டும் என்பது என் ஆசை.

கதையும் பாட்டும் நோயைக் குணமாக்குமா?

ஆக்காது. மருந்தை நிறுத்தாதீர்கள்.

நான் எழுதலாமா? எட்டாவதுதான் படித்திருக்கிறேன்.

எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். மனத்தை அழுத்தும் விஷயத்தைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சில இடத்தில் அதிகம், சில இடத்தில் குறைவு. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். வெளியே காட்டுவதானால் மட்டும், நோயாளியின் அனுமதி கேளுங்கள். அவர் உடம்பு, அவர் கதை.

எங்கள் கூட்டத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அம்மா, மாமியாருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுவதை இரண்டு பக்கம் எழுதி வந்தார். ஜவ்வரிசி எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், எப்போது கண்ணாடி மாதிரி ஆகும், டியூபில் அடைக்காமல் இருக்க எவ்வளவு நீர்க்க வேண்டும், மாமியார் முன்பு தன்னை என்ன சொல்லித் திட்டினார், இப்போது கஞ்சி இறங்கியதும் எப்படிக் கண்ணை மூடித் திறக்கிறார். அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து உதவ அரசு ஏற்பாடு உண்டா?

உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே தருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். நான் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தாமதமாகிவிட்டது, நீங்கள் தாமதிக்காதீர்கள்.

வர ஆசைதான். ஆனால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது?

அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் வாசிப்புக்கு வராமல், வர நினைப்பவரின் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். புரட்டிப் படுக்கவைக்க, டியூப் வழியாக ஊற்ற, பெட்பேன் வைக்க எல்லோருக்கும் தெரியும். முந்தின நாளே வந்து உங்கள் அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசி, அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டுவைத்துக்கொள்வார். அடுத்த ஞாயிறு என் முறை.